ஜெர்மன் குற்றச் சொற்களுக்கு எந்த அகராதி? நான் திறப்பது சட்டத்தையே

ஜெர்மன்–தமிழ் மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, போலீஸ், கோர்ட் சொற்களுக்கு எந்த அகராதி நல்லது?" நான் திருச்சிக்காரி. ஜெர்மன் படித்தது சென்னை மாக்ஸ்முல்லர் பவனில். இப்போது ஜெர்மனியின் ரூர் பகுதியில் இருந்துகொண்டு நீதிமன்றம், காவல் நிலையம், வக்கீல் அலுவலகம் என்று போய்த் தமிழர்களுக்காகப் பேசுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து இங்கே குடும்பமாக வாழ்கிறவர்களும் வருவார்கள், தமிழ்நாட்டிலிருந்து படிக்கவும் வேலைக்கும் வந்தவர்களும் வருவார்கள். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில், ஜெர்மன் கூட்டாட்சி நீதி அமைச்சகம் நடத்தும் 'கெசெட்ஸெ இம் இன்டர்நெட்' என்ற இலவசச் சட்டத் தளம். அது அகராதியே இல்லை. ஆனாலும் குற்றச் சொற்களுக்கு அதைவிட நல்ல அகராதி எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வழக்கமான அகராதிகள். டிக்ட் டாட் சிசி, வியன்னாவில் பால் ஹெமெட்ஸ்பெர்கர் 2002இல் தொடங்கியது. பயன்படுத்துகிறவர்களே சொற்களைச் சேர்த்து, ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு. லியோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இரண்டும் அருமையானவை. ஆஸ்பத்திரிச் சொல், பைப் வேலைச் சொல், சமையல் சொல் எதுவானாலும் தினமும் அவற்றில்தான் தேடுகிறேன். ஆனால் இரண்டிலும் தமிழ் இல்லை. எனவே ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவி, அங்கிருந்து தமிழுக்குத் தாவ வேண்டும். ஸ்குரூடிரைவருக்கு இது பிரச்சினையே இல்லை, எந்த மொழி வழியாகப் போனாலும் அது ஸ்குரூடிரைவர்தான். குற்றத்தின் பெயர் அப்படியில்லை. ஒரு நாட்டின் சட்டம் கோடு போட்டுப் பிரித்து வைத்ததன் பெயர் அது. ஆங்கிலத்துக்குப் போனதும் இங்கிலாந்தின் கோடு வந்துவிடுகிறது. தமிழுக்கு வந்தால் இந்தியாவின் கோடோ இலங்கையின் கோடோ வந்துவிடுகிறது. ஜெர்மன்காரர் போட்ட கோடு வழியிலேயே அழிந்துபோகிறது.

தளத்தைப் பற்றி: பதிவு செய்ய வேண்டாம், பணம் வேண்டாம், விளம்பரம் இல்லை. நடப்பிலிருக்கும் கூட்டாட்சிச் சட்டங்கள் கிட்டத்தட்ட முழுதும் ஜெர்மனில் இருக்கின்றன. படிக்கலாம், பிடிஎஃப் ஆகவோ இபப் ஆகவோ இறக்கிக்கொள்ளலாம். முக்கியமான சில சட்டங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு: குற்றவியல் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், நீதிமன்ற அமைப்புச் சட்டம், வெளிநாட்டவர் தங்கும் உரிமைச் சட்டம் என்று நம் வேலைக்கு வேண்டியவை அநேகமாக இருக்கின்றன. தளத்தில் இருக்கும் குற்றவியல் சட்ட மொழிபெயர்ப்பை முதலில் செய்தவர் பேராசிரியர் மைக்கேல் போலாண்டர். பிறகு ஊட்டே ராய்ஷ் அதை முழுக்கத் திருத்தி, அவ்வப்போது புதுப்பித்தும் வருகிறார். இவர்கள் இருவருக்கும் என் போன்றவர்கள் பெரிய நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

அவர்கள் செய்த வேலையின் தரம் தெரிய வேண்டுமென்றால் 211, 212 என்ற இரண்டு பிரிவுகளைப் பார்த்தால் போதும். 211 மோர்ட், 212 டோட்ஷ்லாக். பொதுவான அகராதிகளில் மோர்ட் என்றால் மர்டர், டோட்ஷ்லாக் என்றால் மேன்ஸ்லாட்டர், அதாவது கொலையைவிடக் குறைந்த குற்றம். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். அமைச்சகத் தளத்தின் ஆங்கிலத்தில் 212ஆம் பிரிவின் தலைப்பே மர்டர். 211ஆம் பிரிவுக்கு, குறிப்பிட்ட கொடிய சூழல்களில் செய்த மர்டர் என்று நீளமான தலைப்பு. முதல்முறை பார்க்கிறவர்களுக்குத் தலைப்பு மாறிவிட்டதோ என்று தோன்றும். மாறவில்லை. டோட்ஷ்லாக் என்பது ஒருவரை வேண்டுமென்றே கொல்வது. கொல்லும் எண்ணம் இருந்தது, கொன்றார், அவ்வளவுதான். இங்கிலாந்தில் அதன் பெயர் மர்டர். இந்தியாவிலும் அது கொலைதான். பழைய தண்டனைச் சட்டத்தின் 300, 302 ஆகட்டும், 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 101, 103 ஆகட்டும், கொல்லும் எண்ணத்தோடு கொன்றால், சட்டம் சொல்லும் விதிவிலக்குகளில் அடங்காத வரை அது கொலை. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையும் அந்த இந்தியச் சட்டத்தின் வழியில் வந்ததுதான், அங்கேயும் கணக்கு மாறாது.

அப்படியானால் டோட்ஷ்லாக்கை 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்று தமிழில் சொன்னால் என்ன ஆகும்? கேட்பவர், "நான் கொலை செய்ததாக இவர்கள் சொல்லவில்லை, அப்படியென்றால் சின்ன வழக்குதான்" என்று நினைத்துக்கொள்வார். டோட்ஷ்லாக்குக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 5 ஆண்டு. நான் 'கொலை' என்றுதான் சொல்கிறேன். மோர்ட் வரும்போது 'சட்டம் தனியாகக் குறிப்பிடும் கொடிய காரணமோ முறையோ சேர்ந்த கொலை, அதற்கு ஆயுள் தண்டனை' என்கிறேன். நீளம்தான். ஒரு மனிதனின் வாழ்நாள் அதில் தொங்கும்போது நீளத்தைப் பார்க்க முடியாது.

மோர்ட் என்பதைத் 'திட்டமிட்ட கொலை' என்று மொழிபெயர்க்கும் பழக்கமும் தமிழர்களிடம் உண்டு. அது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் யோசித்துச் செய்த கொலை மோர்ட், யோசிக்காமல் செய்தது டோட்ஷ்லாக். 1941 செப்டம்பரில் நாஜி ஆட்சி அந்த வாசகத்தை மாற்றியது. யோசித்தாரா இல்லையா என்ற கேள்வியை எடுத்துவிட்டு, யார் கொலைகாரன் என்று வரையறுத்தார்கள்: கொல்லும் வெறியால், காம இச்சைக்காக, பேராசையால் அல்லது வேறு இழிவான நோக்கத்தால் கொல்பவன், வஞ்சகமாகவோ குரூரமாகவோ பொதுமக்களுக்கே ஆபத்தான வழியிலோ கொல்பவன், இன்னொரு குற்றத்தைச் செய்யவோ மறைக்கவோ கொல்பவன். 1949இல் அரசியல் சட்டம் மரண தண்டனையை ஒழித்தது, ஆனால் இந்த வரையறை அப்படியே தங்கிவிட்டது. 2014இல் அப்போதைய நீதி அமைச்சர் ஹைகோ மாஸ் இதைத் திருத்த ஒரு நிபுணர் குழு அமைத்தார், அடுத்த ஆண்டு அறிக்கையும் வந்தது, பிரிவு மட்டும் மாறவில்லை. ஆகவே மாதக்கணக்கில் திட்டமிட்டுச் செய்த கொலையும், இந்தக் கூறுகளில் ஒன்றுகூட இல்லையென்றால், டோட்ஷ்லாக்தான். அந்த நொடியில் தோன்றிச் செய்ததும் இவற்றில் ஒன்று இருந்தால் மோர்ட். 'திட்டமிட்ட' என்று தமிழில் ஒரு சொல்லை நான் சேர்த்துவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் "நான் திட்டமே போடவில்லை" என்று அதற்குப் பதில் சொல்ல ஆரம்பிப்பார். நீதிமன்றம் கேட்காத கேள்விக்குப் பதில்.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகக் கடினமான சொல் ஹைம்ட்யூக்கிஷ். ஆங்கிலத்தில் பெர்ஃபிடியஸ்லி என்கிறார்கள். தமிழில் நயவஞ்சகம், சூது, வஞ்சகம் என்று எது போட்டாலும் பேசி மயக்கிக் கெடுக்கும் ஒருவன்தான் கேட்பவர் மனதில் வருவான். ஜெர்மன் உச்ச நீதிமன்றம் காலங்காலமாக இதற்குக் கொடுத்துவரும் பொருள் வேறு: தாக்குதல் வரும் என்று எதிர்பார்க்காத, அதனால் தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாத ஒருவரின் நிலையைத் தெரிந்தே பயன்படுத்திக் கொல்வது. தூங்குகிறவர், ஆபத்தில்லை என்ற நம்பிக்கையைத் தூக்கத்துக்குள்ளும் எடுத்துச் செல்கிறார் என்பது அந்த நீதிமன்றத்தின் பார்வை. இதன் விளைவு பயங்கரமானது. ஆண்டுக்கணக்கில் அடி வாங்கிய மனைவி, நேருக்கு நேர் நின்றால் தன்னால் முடியாது என்று, கணவன் தூங்கும்போது கொன்றால் அது ஹைம்ட்யூக்கிஷ், ஆகவே மோர்ட். பலசாலி ஒருவன் முகத்துக்கு முகம் மிரட்டிவிட்டுக் கொன்றால் டோட்ஷ்லாக் ஆகலாம். 1981இல் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, வஞ்சகக் கொலையிலும் அசாதாரணமான சூழல் இருந்தால் ஆயுளுக்குப் பதிலாகத் தண்டனையைக் குறைக்கலாம் என்று ஒரு வழி திறந்தது. பெயர் என்னவோ மோர்ட்டாகவே இருக்கிறது. இப்படி ஒரு வழக்கில் 'நீங்கள் நயவஞ்சகமாகக் கொன்றீர்கள்' என்று ஒரு பெண்ணிடம் தமிழில் சொல்ல என் வாய் வராது. 'அவர் எதிர்பார்க்காத, தற்காத்துக்கொள்ள முடியாத நிலையைப் பயன்படுத்தி' என்பதுதான் சட்டம் உண்மையில் சொல்வது.

தளத்தின் ஒரு குறையும் இங்கேயே தெரிகிறது. இந்த விளக்கம் சட்ட வாசகத்தில் இல்லை, தீர்ப்புகளில் இருக்கிறது. அதற்கு நான் உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தளத்துக்குப் போவேன், 2000ஆம் ஆண்டு முதலான தீர்ப்புகள் அங்கே இலவசம். பிரிவு வாரியாகத் தீர்ப்புகளுக்கு இணைப்புக் கொடுக்கும் டெயூரே என்ற தளமும் கைகொடுக்கும்.

கொலை வழக்கு எப்போதாவதுதான் வரும். அன்றாடம் வருவது திருட்டு. தமிழ்ச் செய்தித்தாள் படித்து வளர்ந்த நமக்கு 'பூட்டிய வீட்டில் நகை கொள்ளை' என்ற தலைப்பு பழக்கம். யாரும் இல்லாத வீட்டில் பீரோவை உடைத்து எடுத்துப்போனாலும் கொள்ளை என்கிறோம். "வீட்டில் கொள்ளை போயிடுச்சு" என்று காவல் நிலையத்தில் ஒரு அம்மா அழுதுகொண்டே சொல்லும்போது, மொழிபெயர்ப்பவர் ராவுப் என்று சொன்னால், எதிரே இருக்கும் அதிகாரியின் முகம் மாறும். ராவுப், 249ஆம் பிரிவு: ஒருவர் மேல் கை வைத்தோ, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று மிரட்டியோ பொருளை எடுப்பது. "எத்தனை பேர்? ஆயுதம் இருந்ததா? உங்களுக்கு அடிபட்டதா?" என்று கேள்விகள் வேறு பக்கம் ஓடும். அந்த அம்மா சொன்னதற்கு ஜெர்மன் பெயர் வோனுங்ஸ்ஐன்ப்ருஹ்டீப்ஷ்டால், வீடு புகுந்து திருடுதல், பிரிவு 244.

ஆங்கிலத்தில் பேசுகிற நம் மாணவர்களும் இதே இடத்தில் இடறுகிறார்கள். பை காணாமல் போனாலும் ராப்டு என்று சொல்லிப் பழகியவர்கள் அதை அப்படியே ஜெர்மனுக்குக் கொண்டுபோகிறார்கள். பெயர் மாறினால் வழக்கின் எடையும் மாறும். ஜெர்மன் சட்டத்தின் 12ஆம் பிரிவு குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. குறைந்தபட்சத் தண்டனையே ஓராண்டு சிறை அல்லது அதற்கு மேல் என்றால் ஃபெர்ப்ரெஹன். அதற்குக் கீழே தொடங்கினால், அல்லது அபராதமும் போதுமென்றால் ஃபெர்கேஹன். சாதாரணத் திருட்டு ஃபெர்கேஹன், அரசுத் தரப்பு சில நிபந்தனைகளின் பேரில் வழக்கை முடித்துக்கொள்ளக்கூட வழியுண்டு. ராவுப் ஃபெர்ப்ரெஹன், அந்த வழி அடைபட்டுவிடும். குடியிருக்கும் வீட்டுக்குள் புகுந்து திருடுவதையும் 2017இல் ஃபெர்ப்ரெஹன் வரிசைக்கு ஏற்றிவிட்டார்கள். அகராதியில் இரண்டு சொல்லுக்கும் 'குற்றம்' என்றுதான் நம்மால் எழுத முடியும். தமிழில் எழுத்துப்பிழையும் குற்றம், கொலையும் குற்றம். நான் 'பெருங்குற்றம்', 'சிறுகுற்றம்' என்று சொல்லிவிட்டு, ஓராண்டு என்ற எல்லையையும் கூடவே சொல்லிவிடுவேன்.

அதே அம்மா "இருபது பவுன்" என்றும் சொல்வார். பவுன் என்று கேட்டதும் ஜெர்மன் அதிகாரி அரைக் கிலோ என்று எழுதிவிடும் ஆபத்து நிஜமாகவே உண்டு, ஜெர்மனில் பவுண்டு என்ற எடை 500 கிராம். எட்டால் பெருக்கி 160 கிராம் என்று சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் எந்தத் தளமும் உதவாது, நம் வீட்டுப் பழக்கம்தான் உதவும்.

அடிதடி வழக்குகளிலும் அகராதி கைவிடும். கெஃபேர்லிஹெ, ஷ்வேரெ என்று இரண்டு வகை உடற்காயங்கள் உண்டு. ஒன்று ஆபத்தான, மற்றது கடுமையான. இரண்டையும் 'கொடுங்காயம்' என்று எழுதிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்புகளைப் பார்த்திருக்கிறேன். 224ஆம் பிரிவையும் 226ஆம் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் விஷயம் தெளிவாகும். முதலாவது, எப்படி அடித்தார் என்பது: ஆயுதம், விஷம், கூட்டுச் சேர்ந்து அடித்தல், பதுங்கியிருந்து தாக்குதல், உயிருக்கு ஆபத்தான முறை. காயம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது, என்ன ஆனது என்பது: கண் போனது, கை போனது, முகம் நிரந்தரமாகச் சிதைந்தது. நம் 'கொடுங்காயம்' இரண்டாவதற்குத்தான் பக்கத்தில் வரும். முதலாவதை 'ஆபத்தான முறையில் காயப்படுத்துதல்' என்கிறேன்.

இங்கேதான் செருப்பு வருகிறது. "செருப்புக் காலால் உதைச்சான்" என்று நம்மவர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது அவமானம். நீதிபதிக்கு வேண்டியது வேறு. காலில் இருந்தது கனமான ஷூவா, ரப்பர் செருப்பா? எங்கே உதைத்தார்? கனமான ஷூ போட்ட காலால் தலையில் உதைப்பதை ஆபத்தான கருவியால் தாக்கியதாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. செருப்பைப் பொதுவாக ஷூ என்று நான் சொல்லிவிட்டால் ஒருவருக்கு அநியாயம், வெறும் காலால் என்று விட்டுவிட்டால் இன்னொருவருக்கு அநியாயம். 224ஆம் பிரிவைப் படித்திருப்பதால்தான் அந்த ஒரு சொல்லில் நின்று, தேவையென்றால் நீதிபதியிடம் "எந்த மாதிரிச் செருப்பு என்று கேட்கலாமா?" என்று அனுமதி கேட்கிறேன். சட்டப் பிரிவைப் படிப்பது மொழிபெயர்ப்பவர் வக்கீலாக மாறுவதற்காக இல்லை. எந்தச் சொல்லில் கவனம் தப்பக்கூடாது என்று தெரிந்துகொள்வதற்காக.

"கொன்னுடுவேன்னு சொன்னான்" என்பதும் அப்படித்தான். 241ஆம் பிரிவில் மிரட்டல் குற்றம். நம் வீடுகளில் பால் பொங்கிவிட்டால் பிள்ளையைப் பார்த்து அம்மா சொல்லும் அதே சொல். அதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உண்மையாகவும் மனச்சாட்சிப்படியும் மொழிபெயர்ப்பேன் என்று நீதிமன்ற அமைப்புச் சட்டம் 189ஆம் பிரிவின்படி உறுதிமொழி எடுத்திருக்கிறேன். சொன்னதைச் சொன்னபடியே சொல்வேன். நம் பேச்சில் அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவோம் என்று நீதிமன்றம் கேட்டால் விளக்குவேன்.

சீட்டுப் பண வழக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வாழும் தமிழர்களிடம் சீட்டு இன்னும் இருக்கிறது. பிடித்தவர் பணத்தோடு போய்விட்டால் "ஏமாத்திட்டான்" என்கிறோம். உடனே பெட்ரூக் என்று மொழிபெயர்க்கத் தோன்றும். பெட்ரூக், 263ஆம் பிரிவு, நம் நானூற்றிருபதுக்குச் சொந்தம்: பொய் சொல்லி நம்பவைத்து, அதனால் அவர் பணத்தைக் கொடுக்கும்படி செய்வது. ஆரம்பத்தில் நேர்மையாக நடத்திவிட்டுப் பாதியில் பணத்தைச் செலவழித்தவர் அதில் வருவாரா என்பது பெரிய கேள்வி. உன்டர்ஷ்லாகுங், அதாவது தன் கையிலிருக்கும் அடுத்தவர் பொருளைத் தனதாக்குதல், ஒரு பிரிவு. உன்ட்ராய, அடுத்தவர் சொத்தைக் கவனிக்கும் பொறுப்பை மீறுதல், இன்னொரு பிரிவு. தமிழில் கையாடல், நம்பிக்கை மோசடி என்று இரண்டு நல்ல சொற்கள் நமக்கு உண்டு, இரண்டும் நாட்டில் பத்திரிகை படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் சாட்சி சொல்ல வந்தவர் வாயில் அந்தச் சொற்கள் இல்லாதபோது நானாக எடுத்து வைக்கக் கூடாது. "ஏமாத்திட்டான்" என்றால் 'என்னை ஏமாற்றினான்' என்ற சாதாரண ஜெர்மன் வினைச்சொல் போதும். பெயர் வைப்பது நீதிமன்றத்தின் வேலை.

மொழிபெயர்ப்பாளர் அல்லாதவர்களுக்கும் இந்தத் தளத்தைச் சிபாரிசு செய்கிறேன், முக்கியமாகக் கடிதம் வந்து பயந்துபோயிருக்கிறவர்களுக்கு. காவல்துறைக் கடிதத்தில் நீங்கள் சாட்சியா, பெஷுல்டிக்டரா, அதாவது விசாரிக்கப்படுகிறவரா என்று முதல் வரிகளிலேயே இருக்கும். பக்கத்தில் ஒரு பிரிவு எண்ணும் இருக்கும். அந்த எண்ணைத் தளத்தில் பாருங்கள். உதாரணமாக 265அ என்றிருந்தால், டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தது. "60 யூரோ கட்டிவிட்டேனே" என்பார்கள். அந்த 60 யூரோ போக்குவரத்து நிறுவனம் கேட்கும் கூடுதல் கட்டணம். குற்ற வழக்கு அதிலிருந்து தனி, சட்டத்தில் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். விசாரிக்கப்படுகிறவர் காவல்துறை அழைத்தால் போக வேண்டிய கட்டாயமில்லை, பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. அரசுத் தரப்போ நீதிமன்றமோ அழைத்தால் போகத்தான் வேண்டும்.

மஞ்சள் உறையில் ஷ்ட்ராஃப்பெஃபேல் என்று வந்தால் இன்னும் கவனம். அதை ஃபைன் நோட்டீஸ் என்று நினைத்து டிராயரில் போட்டுவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது விசாரணை நடத்தாமலே நீதிமன்றம் எழுத்தில் கொடுக்கும் தண்டனை உத்தரவு. கையில் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்காவிட்டால் தீர்ப்பாகவே ஆகிவிடும். அபராதம் அதில் டாகெஸ்ஸாட்ஸ் கணக்கில் இருக்கும். ஒரு நாள் வருமானத்தை ஒட்டிய தொகை, அதை எத்தனை நாளுக்கு என்று பெருக்க வேண்டும். கட்டாமல் விட்டால் பதிலுக்குச் சிறை. 2024 பிப்ரவரியிலிருந்து இரண்டு நாள் தொகைக்கு ஒரு நாள் சிறை என்று பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். இந்தக் கடிதம் வந்தால் தளத்தில் படித்துவிட்டு நின்றுவிடாதீர்கள், வக்கீலைப் பாருங்கள். தண்டனையின் அளவு தங்கும் உரிமையையும் தொடலாம்.

வக்கீல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஷ்டாட்ஸ்அன்வால்ட் என்பவரை 'அரசு வழக்கறிஞர்' என்று மொழிபெயர்த்தால், அரசாங்கம் தனக்காகக் கொடுத்திருக்கும் வக்கீல் என்று புரிந்துகொண்டு அவரிடம் மனம் திறந்து பேசத் தொடங்குகிறவர்கள் உண்டு. அவர் குற்றம் சாட்டும் தரப்பு. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரங்களையும் அவர் தேட வேண்டும் என்று நடைமுறைச் சட்டம் 160ஆம் பிரிவு சொல்கிறது என்பது வேறு விஷயம். நான் 'வழக்குத் தொடுக்கும் அரசுத் தரப்பு' என்கிறேன். நீதிமன்றம் அமர்த்தித் தரும் வக்கீலுக்கு ஃப்ளிஹ்ட்ஃபெர்டைடிகர் என்று பெயர். தண்டனை உறுதியானால் அவருடைய செலவு பொதுவாகத் தண்டிக்கப்பட்டவர் தலையில்தான் விழும் என்பதையும் பலர் கேட்டு அதிர்ந்துபோகிறார்கள்.

இனி தளத்தின் குறைகள். பார்க்க அழகில்லை, கைபேசியில் எழுத்து பொடியாகத் தெரிகிறது. தேடும் பெட்டி பொறுமையைச் சோதிக்கும்; பிரிவு எண் தெரிந்திருந்தால் நேராக அந்தச் சட்டத்தின் பட்டியலுக்குப் போய்விடுவது மேல். அதைவிடப் பெரியது, இன்று நடப்பிலிருக்கும் வாசகம் மட்டுமே அங்கே உண்டு. சம்பவம் சில ஆண்டுக்கு முன் நடந்திருந்தால், அப்போதிருந்த சட்டம்தான் அடிப்படை, பிறகு சட்டம் இளகியிருந்தால் இளகியது பொருந்தும். பழைய வாசகத்துக்கு பூட்ஸர் என்ற தனியார் தளத்தில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆங்கில மொழிபெயர்ப்புக்குச் சட்ட மதிப்பு இல்லை, ஜெர்மன்தான் செல்லும். ஆங்கிலம் ஜெர்மனைவிடப் பின்தங்கியும் இருக்கலாம். எந்தத் திருத்தம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்று ஆங்கிலப் பக்கத்தின் தலையிலேயே போட்டிருப்பார்கள், அதைப் பார்க்காமல் கீழே இறங்காதீர்கள்.

தமிழ் இல்லை என்பதைக் குறையாகச் சொல்வது நியாயமா என்று தெரியவில்லை, ஆனால் ஏக்கமாகச் சொல்கிறேன். தமிழென்றாலும் எந்தத் தமிழ்? உன்டர்ஸூஹுங்ஸ்ஹாஃப்ட் என்றால் எனக்கு ரிமாண்ட், நீதிமன்றக் காவல். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவருக்கு அது விளக்கமறியல், நான் காவல் என்று சொன்னால் அவருக்குப் போலீஸ் நிலையம்தான் ஞாபகம் வரும். எனக்கு வக்கீல், அவருக்குச் சட்டத்தரணி. எனக்கு ஜாமீன், அவருக்குப் பிணை. எனக்குத் திருட்டு, அவருக்குக் களவு. "அவன் எனக்கு அடிச்சவன்" என்று அவர் சொல்வதில் இருக்கும் 'எனக்கு' என்னைத் தொடக்கத்தில் யோசிக்கவைத்தது, அது அவருடைய சரியான தமிழ். எதிரில் இருப்பவர் பேசும் தமிழில்தான் அவருடைய வழக்கை அவருக்குச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்காக நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஜெர்மன் சொல், பிரிவு எண், அந்தக் குற்றம் எந்த ஒரு விஷயத்தில் நிற்கிறது என்று ஒரே வரி, தமிழ்நாட்டுச் சொல், இலங்கைச் சொல், இரண்டும் போதாதபோது சொல்ல ஒரு முழு வாக்கியம். புதிதாக வருகிறவர்கள் 12, 211, 212, 222, 223 முதல் 226, 242 முதல் 249, 263, 266 ஆகிய பிரிவுகளை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இறக்கி, பிடிஎஃப் ஆகவே கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பல நீதிமன்றக் கட்டடங்களில் உள்ளறைக்குப் போனால் சிக்னல் கிடைக்காது. இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டுவையுங்கள், சட்டம் திருத்தப்பட்டதும் பழையதை அழித்துவிடலாம்.